முதல் எலெக்ட்ரிக் சைக்கிள்: இரண்டில் எதை எடுப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பேசுவது பெடல் வைத்த எலெக்ட்ரிக் சைக்கிளைப் பற்றி. மின்சார மோட்டார் பைக்கைப் பற்றி அல்ல. புதிதாக வாங்குபவர்கள் பத்து வண்டிகளைப் பார்த்துவிட்டுக் கடைசியில் இரண்டில் வந்து நிற்பார்கள். அந்த இரண்டும் பெரும்பாலும் இப்படி இருக்கும்.

ஹப் வண்டி: பின்சக்கரத்தின் நடுவே மோட்டார். பெடல் சுற்றுகிறதா இல்லையா என்று மட்டும் பார்க்கும் சென்சார். 36 வோல்ட், 13 ஆம்பியர் ஹவர் பேட்டரி. கேபிள் இழுக்கும் டிஸ்க் பிரேக். எடை 25 கிலோ.

மிட் டிரைவ் வண்டி: பெடல் அச்சிலேயே மோட்டார். கால் கொடுக்கும் அழுத்தத்தை அளக்கும் சென்சார். 36 வோல்ட், 11 ஆம்பியர் ஹவர் பேட்டரி. ஆயில் டிஸ்க் பிரேக். எடை 22 கிலோ. விலை கூடுதல்.

கீழே வரும் கணக்குகள் எல்லாம் இந்த இரண்டை வைத்துத்தான். ஓட்டுபவர் 75 கிலோ, பை 5 கிலோ, வண்டி 25 கிலோ என்று மொத்தம் 105 கிலோ எடுத்துக்கொண்டிருக்கிறோம். உங்கள் எடையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

வாட் அதிகமுள்ள மோட்டார்தானே நல்லது?

இல்லை. முதலில், விளம்பரத்தில் இருக்கும் வாட் எது என்று கேளுங்கள். தொடர்ந்து தாங்கும் சக்தி ஒன்று, சில நொடிகளுக்கு மட்டும் எட்டும் உச்ச சக்தி இன்னொன்று. 250 வாட் என்று பதிவான மோட்டாரே உச்சத்தில் 500 வாட்டைத் தாண்டும். ஒரு கடைக்காரர் உச்சத்தையும் மற்றவர் தொடர் சக்தியையும் சொன்னால் ஒப்பிடுவதற்கே வழியில்லை.

அடுத்து, தேவை எவ்வளவு என்று பாருங்கள். சமதளத்தில், காற்று இல்லாமல், மணிக்கு 20 கிமீ வேகத்தில் போகச் சுமார் 115 வாட் போதும். பழக்கமில்லாத ஆளே 75 முதல் 100 வாட் வரை ஒரு மணி நேரம் மிதிப்பார். அதாவது சமதளத்தில் மோட்டாருக்கு வேலையே குறைவு. அதே ஆள் 8% ஏற்றத்தில் மணிக்கு 12 கிமீ வேகத்தில் ஏறச் சுமார் 310 வாட் வேண்டும். அங்கேதான் மோட்டார் 200 வாட்டுக்கு மேல் தர வேண்டியிருக்கிறது. இதையும் 250 வாட் மோட்டாரே தரும். ஆகவே வாட்டை விட, குறைந்த வேகத்தில் எவ்வளவு முறுக்கு விசை (சக்கரத்தைச் சுழற்றும் விசை) தருகிறது என்பதுதான் முக்கியம்.

முறுக்கு விசை ஒன்றில் 40, இன்னொன்றில் 60 நியூட்டன் மீட்டர். நேராக ஒப்பிடலாமா?

கூடாது. இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஹப் மோட்டாரின் 40 நியூட்டன் மீட்டர் நேரே சக்கரத்தில் இறங்குகிறது. மிட் டிரைவின் 60 பெடல் அச்சில் இருக்கிறது. அது செயின் வழியாக, நீங்கள் போட்டிருக்கும் கியர் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகும்.

முன்பக்கம் 38 பல், பின்பக்கம் 34 பல் என்ற ஏற்ற கியரில் அந்த 60, சக்கரத்தில் 54 ஆகிறது. பின்பக்கம் 11 பல் என்ற வேக கியரில் 17 மட்டுமே. மிட் டிரைவ் வண்டியை வேக கியரிலேயே ஏற்றத்தில் முக்க வைத்துவிட்டு ‘ஹப் வண்டியே மேல்’ என்று சொல்பவர்கள் உண்டு. குறை மோட்டாரில் இல்லை, போட்டிருந்த கியரில்.

8% ஏற்றத்துக்குச் சக்கரத்தில் சுமார் 32 நியூட்டன் மீட்டர் வேண்டும். அதில் மூன்றில் ஒரு பங்கை நீங்கள் மிதித்துக் கொடுத்தால் ஹப் மோட்டார் மீதியைச் சுலபமாகத் தரும். 14% ஏற்றத்தில் அது 52 ஆகிவிடும். சைக்கிளின் கியரை மாற்றி ஹப் மோட்டாருக்கு உதவ முடியாது. சக்கரம் மெதுவாகச் சுற்றினால் மோட்டாரும் மெதுவாகத்தான் சுற்றும். மணிக்கு 6 கிமீ வேகத்தில் திணறும்போது உள்ளே போகும் மின்சாரத்தில் பெரும்பகுதி வெப்பமாகிறது. கம்பிச்சுருள் சூடேறி, உள்ளே இருக்கும் நைலான் பற்களும் தேய்கின்றன. இரண்டு நிமிடம் என்றால் தாங்கும். தினமும் கால் மணி நேரம் என்றால் தாங்காது.

என் பாதையின் ஏற்றம் எத்தனை சதவீதம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மொபைல் வரைபடத்தில் சைக்கிள் பாதையைப் போட்டால் உயர வேறுபாடு காட்டும். 500 மீட்டர் தூரத்தில் 40 மீட்டர் உயர்ந்தால் 8%. மேம்பாலம் போல 200 மீட்டரில் முடியும் ஏற்றங்களை ஹப் வண்டி அசராமல் ஏறும். அவற்றை நினைத்துக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். தினசரிப் பாதையில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும் 8% ஏற்றம் இருந்தால் மிட் டிரைவ் பக்கம் சாயுங்கள்.

சென்சார் வித்தியாசம் உண்மையில் அவ்வளவு பெரியதா?

புதிதாக ஓட்டுபவருக்கு இதுதான் மிகப் பெரிய வித்தியாசம். மோட்டார் எங்கே இருக்கிறது என்பதைவிட இது முக்கியம்.

ஹப் வண்டியின் பெடல் அச்சுக்குப் பின்னால் குனிந்து பாருங்கள். சின்னச் சின்னக் காந்தங்கள் பதித்த ஒரு பிளாஸ்டிக் வட்டு தெரியும். காந்தங்கள் சென்சாரைக் கடக்கக் கடக்க, மோட்டாருக்கு மின்சாரம் விடும் கன்ட்ரோலர் எண்ணுகிறது. சில காந்தங்கள் கடந்த பிறகே மோட்டார் இயங்கும். அதற்குள் பெடல் கால் சுற்று, அரைச் சுற்று போயிருக்கும். இயங்க ஆரம்பித்ததும், நீங்கள் மெல்ல மிதித்தாலும் ஓங்கி மிதித்தாலும் நீங்கள் தேர்ந்தெடுத்த உதவி நிலைக்கு உரிய முழு சக்தியும் வரும். மிதிப்பதை நிறுத்திய பிறகும் கண நேரம் ஓடிவிட்டுத்தான் நிற்கும்.

நேர் சாலையில் இது ஒரு குறையே இல்லை, சுகமாகக்கூட இருக்கும். இடுக்கில்தான் சிக்கல். வாசலில் வண்டியைத் திருப்ப அரை மிதி மிதிக்கிறீர்கள், ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு மிதி மிதிக்கிறீர்கள், இரண்டும் சேர்ந்தது போல வண்டி முன்னே பாய்கிறது. புதியவர்கள் சுவரில் மோதுவது இப்படித்தான். இதைத் தடுக்க பிரேக் பிடியிலேயே ஒரு சுவிட்ச் இருக்கிறது: பிடியைச் சற்று அழுத்தினாலே மோட்டாருக்குப் போகும் மின்சாரம் துண்டிக்கப்படும். பிரேக்கில் இரண்டு விரலை எப்போதும் வைத்திருக்கப் பழகினால் முக்கால்வாசிப் பயம் போய்விடும். வாங்கும் முன் இடது பிடி, வலது பிடி இரண்டிலும் அந்தத் துண்டிப்பு வேலை செய்கிறதா என்று தனித்தனியாகச் சோதியுங்கள்.

அழுத்தத்தை அளக்கும் சென்சார் வேறு மாதிரி. மெல்ல மிதித்தால் மெல்ல உதவும், ஓங்கி மிதித்தால் ஓங்கி உதவும். வண்டி உங்கள் காலுக்குப் பதில் சொல்வது போல இருக்கும். சாதாரண சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர் ஐந்து நிமிடத்தில் பழகிவிடுவார். பேட்டரியும் மிச்சமாகும்.

ஒரு விதிவிலக்கு: மூட்டு வலி உள்ளவர்கள், அறுவை சிகிச்சை முடிந்து மிதிக்கத் தொடங்குபவர்கள். அழுத்தினால்தான் உதவி என்பது அவர்களுக்குப் பாரம். சும்மா காலைச் சுற்றினாலே போதும் என்ற காந்த வட்டுச் சென்சார்தான் அவர்களுக்கு ஏற்றது.

அழுத்த சென்சார் உள்ள ஹப் வண்டிகளும் சந்தையில் உண்டு. சமதளத்தில் ஓட்டுபவருக்கு அது நல்ல நடுவழி. உங்கள் பட்டியலில் அப்படி ஒன்று இருந்தால் கட்டாயம் ஓட்டிப் பாருங்கள்.

த்ராட்டில் வேண்டுமா?

மிதிக்காமலே மோட்டாரை ஓடவைக்கும் கைப்பிடித் திருகுதான் த்ராட்டில். நின்ற இடத்திலிருந்து கிளம்பச் சிரமப்படுபவருக்கு உதவும். மற்றவர்களுக்கு அது பேட்டரியைத் தின்னும் பழக்கம்.

ஆனால் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் தொடர் சக்தி 250 வாட், மிதித்தால் மட்டும் உதவி, மணிக்கு 25 கிமீயில் உதவி நின்றுவிட வேண்டும் என்ற வரம்புக்குள் இருந்தால்தான் அது சைக்கிள். அமெரிக்காவின் பல மாநிலங்களில் மூன்று வகுப்புகள்: முதல் வகுப்பு மிதித்தால் மட்டும், மணிக்கு 32 கிமீ வரை, இரண்டாவது வகுப்பில் த்ராட்டில் உண்டு, அதே வேகம், மூன்றாவது மிதித்தால் மட்டும், மணிக்கு 45 கிமீ வரை. உங்கள் ஊர் வரம்பைத் தாண்டிய வண்டி சட்டத்தின் கண்ணில் மோட்டார் வாகனம். பதிவு, உரிமம், காப்பீடு எல்லாம் கேட்பார்கள். ‘வேக லாக்கை எடுத்துவிட்டால் 40-ல் போகும்’ என்று கடையில் சொன்னால் அதை வண்டியின் சிறப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

‘ஒரு சார்ஜில் 80 கிமீ’ என்று போட்டிருக்கிறதே, நம்பலாமா?

எடை குறைந்த ஆள், குறைந்த உதவி நிலை, சமதளம், காற்றில்லாத நாள் என்றால் ஓடும். நீங்களே கணக்குப் போடுவது நல்லது. கணக்கும் எளியதுதான்.

வோல்ட்டையும் ஆம்பியர் ஹவரையும் பெருக்கினால் வாட் ஹவர். ஹப் வண்டி 36 × 13 = 468. மிட் டிரைவ் வண்டி 36 × 11 = 396. இதில் 90% மட்டும் பயன்படும் என்று வையுங்கள். குறைந்த உதவியில் கிலோமீட்டருக்கு 6 முதல் 8 வாட் ஹவர் செலவாகும். நடுத்தர உதவியில் 10 முதல் 12. மிதிக்காமல் த்ராட்டிலிலேயே போனால் 15 முதல் 20.

12 என்று எடுத்தால் ஹப் வண்டி 35 கிமீ, மிட் டிரைவ் 30 கிமீ. வெறும் 5 கிமீ வித்தியாசம். தினமும் 16 கிமீ போகிறவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

பேட்டரி வயதாகும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நல்ல லித்தியம் பேட்டரியே சுமார் 500 முழு சார்ஜுக்குப் பிறகு பழைய கொள்ளளவில் 80% அளவுக்கு இறங்கியிருக்கும். அன்றைக்கும் உங்களை வீடு சேர்க்க வேண்டும் அல்லவா? தினசரி தூரத்தை 12-ஆல் பெருக்கி, 0.72-ஆல் (90%-இல் 80%) வகுங்கள். தினம் 20 கிமீ என்றால் 333 வாட் ஹவர். இரண்டு வண்டியும் தேறிவிடுகிறது. தினம் 28 கிமீ என்றால் 467. மிட் டிரைவ் வண்டி தேறாது. அப்போது ஒன்று பெரிய பேட்டரி எடுங்கள், அல்லது போய்ச் சேரும் இடத்தில் சார்ஜ் போட வசதி செய்துகொள்ளுங்கள்.

குளிர், எதிர்காற்று, காற்று குறைந்த டயர் மூன்றும் தூரத்தைக் குறைக்கும். முதல் இரண்டும் நம் கையில் இல்லை. டயர் காற்றை வாரம் ஒருமுறை பார்ப்பது நம் கையில் இருக்கிறது.

36 வோல்ட்டா, 48 வோல்ட்டா?

வாட் ஹவர் ஒன்றாக இருந்தால் தூரமும் ஏறக்குறைய ஒன்றுதான். 48 வோல்ட், 10 ஆம்பியர் ஹவரும் 36 வோல்ட், 13.3 ஆம்பியர் ஹவரும் ஒரே அளவு. ஆனால் சார்ஜரை மட்டும் மாற்றிப் போட்டுவிடாதீர்கள். 36 வோல்ட் பேட்டரி நிறையும்போது 42 வோல்ட். 48 வோல்ட் பேட்டரி 54.6 வோல்ட். செருகும் முனை ஒன்றுபோல இருக்கிறது என்று பெரிய சார்ஜரைச் சின்னப் பேட்டரியில் செருகுவது தீ விபத்துக்கு நேர்வழி.

பேட்டரியில் வேறு என்ன பார்க்க வேண்டும்?

முதலில் சான்று. முழு மின் அமைப்புக்கு யுஎல் 2849, அல்லது ஐரோப்பிய வண்டி என்றால் இஎன் 15194 என்று வண்டியிலோ கையேட்டிலோ அச்சிட்டிருக்க வேண்டும். வாய் வார்த்தை போதாது. இரண்டு வண்டியில் ஒன்றுக்குச் சான்று இருந்து மற்றதற்கு இல்லையென்றால், எங்கள் கருத்தில் பேச்சு அங்கேயே முடிந்தது. சான்றுள்ளதை எடுங்கள்.

பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோக முடிகிறதா என்று நீங்களே கழற்றிப் பாருங்கள். பேட்டரி 2.5 முதல் 3.5 கிலோ இருக்கும். சாவியைத் திருப்பி, ஒரு கையால் தாங்கி, மறுகையால் இழுக்க வேண்டும். சில வண்டிகளில் அது கீழ்நோக்கி விழும். பிடிக்காமல் விட்டால் தரையில்தான். தரையில் மோதி அடிபட்ட பேட்டரியை ‘வெளியே ஒன்றும் தெரியவில்லையே’ என்று பயன்படுத்தக் கூடாது. உள்ளே செல் நசுங்கியிருக்கலாம்.

சார்ஜ் நேரம்: 2 ஆம்பியர் சார்ஜரில் 13 ஆம்பியர் ஹவர் பேட்டரி சுமார் 7 மணி நேரம். ஓட்டி வந்த சூட்டோடு செருகாமல் அரை மணி ஆறவிடுங்கள். பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே குளிர்ந்த பேட்டரியைச் சார்ஜ் செய்யவே கூடாது. வெளியேறும் கதவை மறித்தபடி, கட்டிலுக்கு அருகில், துணிமணிக்கு மேல் வைத்துச் சார்ஜ் போடாதீர்கள். எல்லோரும் தூங்கும் நேரமும் வேண்டாம். மாதக்கணக்கில் ஓட்டாமல் வைப்பதானால் பாதி சார்ஜில் வையுங்கள். முழுக்க நிரப்பியோ முழுக்கக் காலியாகவோ விட்டால் செல் கெடும். வீக்கம், இனிப்பு கலந்த ரசாயன வாடை, சும்மா வைத்திருக்கும்போதே சூடு: மூன்றில் ஒன்று தெரிந்தாலும் பயன்பாட்டை நிறுத்துங்கள்.

கேபிள் பிரேக், ஆயில் பிரேக்: கூடுதல் பணத்துக்குத் தகுமா?

தகும். 105 கிலோ மணிக்கு 25 கிமீயில் போகும்போது அதிலுள்ள இயக்க ஆற்றல் சுமார் 2,500 ஜூல். சாதாரண சைக்கிளில் 90 கிலோவாக மணிக்கு 18 கிமீயில் போனால் 1,125 ஜூல். இரண்டு மடங்குக்கு மேல். இதையெல்லாம் உள்ளங்கை அளவு வட்டுகள்தான் உள்வாங்க வேண்டும்.

ஆயில் பிரேக்கில் ஒரு விரல் போதும். வட்டைக் கவ்விப் பிடிக்கும் பேடு தேயத் தேய அதுவே நெருங்கிக்கொள்ளும். கேபிள் பிரேக்கில் பேடு தேய்ந்தால் பிடி கைப்பிடி வரை வந்துவிடும், நீங்கள்தான் திருகி நெருக்க வேண்டும். சமதளத்தில் ஓட்டுபவர் மாதம் ஒருமுறை நெருக்கக் கற்றுக்கொண்டால் கேபிள் பிரேக்கே போதும். இறக்கம் அதிகமுள்ள பாதைக்கு ஆயில் பிரேக், முன்பக்கம் 180 மில்லிமீட்டர் வட்டு என்று கேளுங்கள்.

புது வண்டியில் பிரேக் பிடிக்கவில்லை என்று பயப்பட வேண்டாம். பேடு வட்டோடு பதிய வேண்டும். ஆளில்லாத இடத்தில் மணிக்கு 20 கிமீ வரை போய், சீராகப் பிடித்து நடை வேகத்துக்குக் கொண்டுவாருங்கள். முழுக்க நிறுத்த வேண்டாம். இருபது முறை இப்படிச் செய்தால் பிடி இறுகும். செயினுக்கு எண்ணெய் விடும்போது ஒரு துளி வட்டில் பட்டாலும் பிரேக் கத்தும், வழுக்கும். வட்டை ஐசோபுரொப்பில் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைக்கலாம். பேடு எண்ணெயைக் குடித்துவிட்டால் மாற்றுவதே நல்லது. பேடில் உராயும் பகுதி அரை மில்லிமீட்டருக்கு வந்துவிட்டாலும் மாற்றிவிடுங்கள்.

25 கிலோ, 22 கிலோ. மூன்று கிலோவில் என்ன இருக்கிறது?

ஓட்டும்போது ஒன்றும் இல்லை. தூக்கும்போது எல்லாம் இருக்கிறது. வீட்டில் படி இருந்தால் கடையிலேயே வண்டியை இடுப்பு உயரம் தூக்கி இறக்கிப் பாருங்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டுத் தூக்கினால் எவ்வளவு என்பதையும் பாருங்கள்.

எடை எங்கே இருக்கிறது என்பது இன்னொரு விஷயம். பேட்டரி பின் கேரியரில் இருந்தால் ஸ்டாண்டை எடுத்ததும் வண்டி ஆடும். ஃபிரேமின் கீழ்க்குழாயில் இருந்தால் அடங்கி நிற்கும். புதியவருக்கு இரண்டாவதுதான் நல்லது.

அளவு சரியா என்று எப்படிப் பார்ப்பது?

நேர்க்குழாய் உள்ள ஃபிரேம் என்றால் நின்றபடி கால்களுக்கு நடுவே குழாய்க்கும் உடலுக்கும் 3 முதல் 5 செமீ இடைவெளி இருக்க வேண்டும். சீட்டில் உட்கார்ந்து, குதிகாலைப் பெடலில் வைத்து, பெடலைக் கீழே இறக்கினால் முழங்கால் நேராக வேண்டும். அதுதான் மிதிக்கச் சரியான உயரம். பயம் தெளியும் வரை, முதல் இரண்டு வாரம் மட்டும், இரு பாதங்களின் முன்பகுதியும் தரையில் படும்படி சீட்டை இறக்கி வையுங்கள். அப்படியே விட்டுவிட்டால் முழங்கால் வலிக்கும்.

குழாய் தாழ்ந்த ஃபிரேம் பெண்களுக்கு மட்டும் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். கனமான வண்டியில் காலைத் தூக்கிப் போடாமல் ஏறி இறங்குவது எல்லோருக்கும் பாதுகாப்பு.

ஓட்டிப் பார்க்க அரை மணி நேரம்தான் கிடைக்கும். என்னென்ன செய்ய?

மோட்டாரை அணைத்துவிட்டு முதலில் ஓட்டுங்கள். பேட்டரி தீர்ந்த நாளில் இதுதான் உங்கள் வண்டி. பிறகு குறைந்த உதவியில் எட்டு போடுங்கள், இரண்டு கார் அகலத்துக்குள் திரும்புங்கள். அடுத்தது ஏற்றத்தின் நடுவில் நின்று கிளம்புவது. மிட் டிரைவில் நிற்பதற்கு முன்பே கியரை இறக்கிவிடுங்கள். பிறகு மணிக்கு 20 கிமீயிலிருந்து இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து நிறுத்துங்கள். கடைசியாக இறங்கித் தள்ளிக்கொண்டு போய், தள்ள உதவும் பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

இரண்டு வண்டியையும் ஒரே நாளில், ஒரே பாதையில், இதே வரிசையில் ஓட்ட வேண்டும். ஒன்றை இன்றைக்கும் மற்றதை அடுத்த வாரமும் ஓட்டினால் நினைவு குழப்பும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் முடிவு வரவில்லை என்றால்?

மெதுவாகப் போகும்போது எது பயமில்லாமல் இருந்ததோ அதை எடுங்கள். வேகத்தில் இரண்டும் நன்றாகத்தான் இருக்கும். புதியவர் விழுவது மணிக்கு 5 கிமீயில், திருப்பத்திலும் கிளம்பும்போதும்தான். அதிலும் சமம் என்றால், வீட்டுக்கு அருகில் ரிப்பேர் பார்க்கும் ஆள் எதற்கு இருக்கிறாரோ அது.

பின்சக்கரம் பஞ்சரானால்?

மிட் டிரைவ் வண்டியில் அது சாதாரண சைக்கிள் வேலை. ஹப் வண்டியில் மோட்டாரின் ஒயர் சக்கரத்தோடு சேர்ந்திருப்பதால் கொஞ்சம் நிதானம் வேண்டும்.

டிஸ்பிளேயை அணைத்து, பேட்டரியைக் கழற்றி வையுங்கள். செயினைக் கடைசிச் சின்னப் பல்சக்கரத்துக்குக் கொண்டுவாருங்கள். பின்சக்கரத்துக்கு முன்னால், ஃபிரேமின் கீழ்க்கம்பியில் ஒயர் இணைப்பு இருக்கும். அதை நேராக இழுங்கள்; திருகினால் உள்ளே இருக்கும் மெல்லிய பின்கள் வளைந்துவிடும். மாட்டும்போது இரண்டு பக்கத்து அம்புக்குறிகளும் நேருக்கு நேர் வர வேண்டும். அச்சு நட்டுக்குப் பெரும்பாலும் 18 மில்லிமீட்டர் ஸ்பேனர். வாஷர்கள் இருக்கும் வரிசையை மொபைலில் படம் எடுத்துவிட்டுக் கழற்றுங்கள். அதில் ஒரு வாஷருக்கு மூக்கு போல ஒரு நீட்டல் உண்டு; அது ஃபிரேமின் பள்ளத்தில் உட்கார்ந்து அச்சு சுழலாமல் தடுக்கிறது. அதைத் தலைகீழாகப் போட்டாலோ நட்டைத் தளர்வாக விட்டாலோ, மோட்டார் இயங்கியதும் அச்சே சுழன்று ஒயரை முறுக்கி அறுத்துவிடும். 35 முதல் 40 நியூட்டன் மீட்டர் வரை முடுக்குங்கள். ஒயர் வெளிவரும் பக்கம் கீழ்நோக்கி இருந்தால் மழை நீர் உள்ளே இறங்காது.

பெரும்பாலான பஞ்சருக்குச் சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம். டயரின் ஒரு பக்கத்தை மட்டும் நெம்பி, டியூபை வெளியே இழுத்து, ஓட்டையைக் கண்டுபிடித்து அப்படியே ஒட்டிவிடலாம்.

எது அடிக்கடி கெடும்?

ஹப் வண்டியில் ஸ்போக்ஸ் கம்பி. கனமான மோட்டார் நடுவில் இருப்பதால் பள்ளத்தில் விழும் அடி கம்பியின் வளைவுக்கே போகும். முதல் 200 கிமீ ஓடியதும் சக்கரத்தின் கோட்டத்தை எடுத்து, கம்பிகளை இறுக்கிவிட்டால் பிறகு தொல்லை குறைவு. புது வண்டிதானே என்று இதைத் தவிர்ப்பவர்களுக்குத்தான் ஒன்றன்பின் ஒன்றாக அறுகிறது.

மிட் டிரைவில் செயினும் பல்சக்கரமும். உங்கள் காலின் விசையும் மோட்டாரின் விசையும் ஒரே செயினில்தான் போகின்றன. கியர் மாற்றும் கணத்தில் மிதியைத் தளர்த்தாவிட்டால் ‘டக்’ என்று சத்தம் கேட்கும். அது பல் தேயும் சத்தம். செயின் அளவி வாங்கிவைத்து, 8 முதல் 10 கியர் செயினை 0.75% நீட்சியிலும், 11, 12 கியர் செயினை 0.5%-லும் மாற்றுங்கள். தள்ளிப்போட்டால் செயினோடு பல்சக்கரத்தையும் மாற்ற வேண்டி வரும்.

உதிரி பாகம் பற்றிக் கடையில் என்ன கேட்க?

பேட்டரி தனியாகக் கிடைக்குமா, என்ன விலை? டிஸ்பிளே, கன்ட்ரோலர், பிரேக் பிடி கையிருப்பில் உண்டா? பழுதுக் குறியீட்டுப் பட்டியல் தருவீர்களா? ஹப் வண்டியின் பாகங்கள் பலவற்றுக்குப் பொதுவான மாற்று கிடைக்கும். மிட் டிரைவில் மோட்டார், பேட்டரி, டிஸ்பிளே மூன்றும் பெரும்பாலும் ஒரே நிறுவனத்தின் கட்டு. ஒன்று கெட்டால் அவர்களிடமே போக வேண்டும்.

மழையில் ஓட்டலாமா?

நீர் தாங்கும் தரக் குறியீடு ஐபிஎக்ஸ்4 என்றால் எந்தப் பக்கத்திலிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும். ஓட்டலாம். அச்சு மூழ்கும் தண்ணீரில் இறக்கக் கூடாது, பீய்ச்சும் பம்பால் கழுவக் கூடாது. நனைந்து வந்தால் பேட்டரியைக் கழற்றி, முனைகளைத் துடைத்து, காய்ந்த பிறகே சார்ஜ் போடுங்கள்.

முதல் வாரம் எப்படி ஓட்டிப் பழகுவது?

ஏறி உட்காரும் வரை உதவி நிலை பூஜ்ஜியத்தில் இருக்கட்டும். நிற்கும்போது இரண்டு பிரேக்கும் பிடியில். ஒரு கால் தரையில், மற்றக் கால் பெடலில் பாரம் கொடுக்காமல். சிக்னலில் நிற்கையில் பெடலில் காலை அழுத்தி ஓய்வெடுக்கும் பழக்கம் சாதாரண சைக்கிளில் பரவாயில்லை; அழுத்த சென்சார் உள்ள வண்டியில் அந்த அழுத்தமே ‘கிளம்பு’ என்ற கட்டளை. கிளம்பும்போது மிதியைக் கடிகார முள்ளின் இரண்டு மணி நிலைக்குக் கொண்டுவந்து, பிரேக்கை விட்டு, ஒரே சீராக மிதியுங்கள்.

முதல் இரண்டு நாள் உதவி நிலை ஒன்று மட்டும். மூன்றாம் நாள் நிலை இரண்டில் பிரேக் பழகுங்கள்: வேகம் கூடக்கூட நிற்கும் தூரம் எவ்வளவு நீள்கிறது என்று சாலையோரக் கம்பங்களை வைத்து அளந்து பாருங்கள். எதிரே வருபவர்கள் உங்களைச் சாதாரண சைக்கிள் வேகத்தில்தான் எதிர்பார்ப்பார்கள். சந்திப்பில் அவர்கள் உங்களைப் பார்த்துவிட்டாலும் குறுக்கே வருவார்கள் என்றே வைத்துக்கொண்டு விரல்களைப் பிரேக்கில் வையுங்கள்.